பக்கவாசலில் கேள்வி இல்லை

2018 பிப்ரவரி 4, ஞாயிறு

இன்றும் எல்லோரும் நல்லவர்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, யாரும் ஒட்டகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இந்த ஊரில் ஒட்டகங்கள் தங்களைத் தாங்களே மேய்த்துக்கொள்கின்றன போலிருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் என் மேசையைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, மூச்சு வாங்குகிறதா, இரண்டு வாரத்துக்குள் ஒட்டகத்தைத் தொட்டீர்களா, அதன் பாலைக் குடித்தீர்களா. ஒவ்வொன்றுக்கும் புள்ளி. புள்ளி ஏறினால் மாஸ்க் போட்டுத் தனி அறை. ஒட்டகத்திடமிருந்து தொற்றும் மெர்ஸ் காய்ச்சல் ஒரே ஒரு ஆளோடு உள்ளே நுழைந்தாலும் வார்டையே படுக்கவைத்துவிடும், அதற்குத்தான் இந்தக் காவல். ஆனால் ‘ஆமாம்’ என்று சொன்னால் அமைச்சகத்து ஆட்கள் பட்டிக்கு வந்து நிற்பார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதனால் எதைக் கேட்டாலும் ‘இல்லை’தான்.

காலையில் ஒரு பெரியவர். ஒட்டகத்தை விட்டே பத்து வருஷமாகிறது என்றார். தோளில் ஒட்டக முடி, அங்கியின் கைப்பக்கம் முழுக்கக் காய்ந்த எச்சில். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் நேற்றுப் பால் குடித்ததை ஒப்புக்கொண்டார். காய்ச்சியா குடித்தீர்கள் என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது.

“பாலக் காய்ச்சறதா? வந்தவனுக்குக் காய்ச்சின பாலக் குடுக்கற அளவுக்கு நாங்க இன்னும் கெட்டுப்போகலம்மா.”

தனி அறைக்கு அனுப்பினேன். போகும்போது உன் அப்பனையும் இப்படித்தான் கேட்பாயா என்றார். கேட்பேன்.

என்னோடு மேசையில் இருக்கும் மரிசெல் என்னை ஹிஸ்ஸா என்று கூப்பிடாமல் சுங்க அதிகாரி என்கிறாள். பிலிப்பைன்ஸ்காரி, எதற்கும் சிரிப்பாள், சொல்லிவிட்டுப் போகட்டும். மனுஷர்களை நம்பி இந்த வேலையைப் பார்க்க முடியாது.

மாமிக்கு மட்டும் இந்த மேசை கிடையாது. ஞாயிறு, செவ்வாய், வியாழன் டயாலிசிஸ். சக்கர நாற்காலியோடு வரிசையில் காற்றில் நிற்க வேண்டாமே என்று, பின்னால் பக்கவாசலைத் திறந்துவிடச் சொல்லி அனுமதி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் முத்லக் தன் அம்மாவைத் தள்ளிக்கொண்டு நேரே ஹாலுக்குப் போய்விடுவார். என் வீட்டு ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 6, செவ்வாய்

முத்லக் அத்தர் போடுகிறார். ஊத் அத்தர், அகில்கட்டை வாசனை. கல்யாணமான புதிதில் போட்டது, அதன்பிறகு பெருநாளுக்குப் பெருநாள் மட்டும். இப்போது வாரத்தில் நான்கு நாள்.

பிப்ரவரி 8, வியாழன்

கேட்டுவிட்டேன். நண்பர்களோடு சீட்டாடப் போகிறேன், அங்கே எல்லோரும் சிகரெட் பிடிக்கிறார்கள், உனக்கு அந்த நாற்றம் ஆகாதே என்றார். அக்கறையாம். இருபது வருஷமாக இல்லாத அக்கறை.

மேசையில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவன் பாதி உண்மை சொல்வான். கேட்காததற்கும் சேர்த்துச் சொல்கிறவன் முழுப் பொய்யன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பழக்கடை வாசலில் அவரைப் பார்த்தேன். மரிசெல்லோடு ஆஸ்பத்திரி வண்டியில் வந்துகொண்டிருந்தேன். பெட்டி பெட்டியாகப் பேரீச்சம்பழத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார், மட்ட ரகம். வீட்டுக்கு ஒரு பழம் வரவில்லை.

அப்படியானால் எந்த வீட்டுக்குப் போனது?

பிப்ரவரி 13, செவ்வாய்

நான் என்ன குறை வைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் தோன்றுகிறது. மாமிக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தபோது வீட்டு ஒட்டகங்களை விற்கச் சொன்னேன். நோயாளியை வைத்துக்கொண்டு பட்டிக்கும் போகக்கூடாது என்றேன். குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். லாரி கிளம்பியபோது சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மாமி அழுதார். நான் அழவில்லை, யாராவது ஒருத்தி அழாமல் இருக்க வேண்டுமே.

அதற்குப் பழிவாங்க இன்னொருத்தியைக் கட்டுவாரா? ஒட்டகம் போனதற்கு ஒரு பெண்டாட்டியா?

பிப்ரவரி 15, வியாழன்

அவர் தொழுகைக்குப் போனபோது வண்டியைச் சோதித்தேன். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை, சோதிப்பதுதானே என் தொழில்.

பின்சீட்டில் இஸ்திரி போட்ட மாற்று அங்கி. அத்தர் பாட்டில். சோப்பு, துண்டு. மிதியடியில் குதிரைமசால் தழை, இன்னும் பச்சையாக.

ஆக, குளித்துவிட்டு வருகிறார். குளிக்க ஒரு வீடு இருக்கிறது. தழை கிடப்பதால் தோட்டத்து வீடு. தோட்டக்காரன் மகள் யாரோ. சின்ன வயசாகத்தான் இருக்கும். பேரீச்சம்பழத்தில் அவளுக்கு அவ்வளவு ஆசை போலிருக்கிறது.

பிப்ரவரி 20, செவ்வாய்

மாமிக்கும் தெரியும்!

இடைவேளையில் டயாலிசிஸ் ஹாலுக்குப் போனேன். மாமியும் பக்கத்து நாற்காலி தர்ஃபா அக்காவும் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்க். தர்ஃபா அக்கா முக்காட்டு நுனியால் வாயைத் துடைத்தாள். அந்தப் பொம்பளைக்கு ஒரு ஒழுங்கும் கிடையாது. ஊசி குத்தும்போது நர்ஸுகளுக்குக் கல்யாண வரன் பேசுவாள், மெஷின் கூவினால் அதையும் திட்டுவாள். ஹால் முழுக்க அவளைக் கொண்டாடுகிறது. நானும்தான், இன்றுவரை.

காப்பியா என்று கேட்டேன். மாமிக்குத் தண்ணீரே அளந்துதான் கொடுக்கிறோம். ஒரு வாய்தான் என்றார் மாமி.

“ஏ ஹிஸ்ஸா, இது உன் புருஷன் கொண்டாந்தது. பெத்தவளுக்கு ஒரு வாய் காப்பி கொண்டாரக்கூட உன் மேசையில புள்ளி வாங்கணுமா?” என்றாள் தர்ஃபா அக்கா. சொல்லிவிட்டு இரண்டு கிழவிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள்.

என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏமாந்தவளைப் பார்த்தால் சிரிப்பு வரத்தானே செய்யும். இந்த மாமிக்குக் குளிப்பாட்டிவிடுவது நான். நகம் வெட்டிவிடுவது நான். மகன் இன்னொருத்தியைக் கொண்டுவந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வாரா? நன்றி கெட்ட வீடு.

பிப்ரவரி 22, வியாழன்

பாட்டு முணுமுணுக்கிறார். ஷேவ் செய்யும்போது.

பிப்ரவரி 26, திங்கள்

புழுதிக்காற்று. மேசையில் கூட்டம், எல்லோரும் இருமல். இது புழுதி இருமல், எழுதாதே என்கிறார்கள். எழுதினேன்.

முத்லக்கும் இருமுகிறார். புழுதி என்றார். முன்னறையில் படுத்துக்கொள்கிறேன், உனக்குத் தூக்கம் கெடும் என்றார். மறுபடி அக்கறை. அவள் வீட்டு ஏசியில் படுத்து வந்த சளியாக இருக்கும், இங்கே வந்து இருமுகிறார். கஷாயம் போட்டுத் தரவில்லை. அவள் போட்டுத் தரட்டும்.

மார்ச் 1, வியாழன்

மனசு சரியில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

பக்கவாசல் பக்கம் போய்விட்டு வந்த மரிசெல் சொன்னாள்: உன் வீட்டுக்காரர் ரொம்ப இருமுகிறார், முகம் சிவந்திருக்கிறது, புள்ளி போடட்டுமா? நான் எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன். வேண்டாம், அவரை எனக்குத் தெரியும், புழுதிதான் என்றேன். அவள் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஏன் வேண்டாம் என்றேன்? மரிசெல் கேட்பாள், கடந்த இரண்டு வாரத்தில் எங்கெல்லாம் போனீர்கள், யாரோடு இருந்தீர்கள் என்று. அவர் ஏதாவது சொல்வார். அவ்வளவு பேர் நடுவில் அந்தப் பதில் என் காதில் விழும். ஊரையே குடைந்து குடைந்து கேட்கிறவளுக்கு இந்த ஒரு பதிலைக் கேட்கத் தெம்பு இல்லை.

நாளை வெள்ளிக்கிழமை. வீட்டில் வைத்துக் கேட்டுவிடுகிறேன்.

மார்ச் 2, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

தொழுகைக்குப் போகாமல் படுத்திருந்தார். மாமி உள்ளறையில் தூக்கம். நான் கதவைச் சாத்திவிட்டு நின்றேன். சுற்றி வளைக்கவில்லை.

“யாருங்க அவ?”

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். எவ என்றார். பேரீச்சம்பழம், அத்தர், குதிரைமசால், அங்கி, எல்லாவற்றையும் அடுக்கினேன். அடுக்க அடுக்க அந்த மனுஷன் முகம் கோணிக்கொண்டே போயிற்று, அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஒட்டகம்டி,” என்றார். “நம்ம கிழவி ஒட்டகத்தோட மக. வாங்கினவன்கிட்ட கெஞ்சித் திருப்பி வாங்கிட்டேன். சித்தப்பா மகன் பட்டியில நிக்கிது. இந்தக் குளிருலதான் குட்டி போட்டுச்சு. பழமும் தழையும் அதோட தீனி, குளியலும் அத்தரும் அந்த வாடைக்கு.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டிப் பிடித்துக்கொண்டேன். அழுதேன், சிரித்தேன், அடித்தேன். மனசிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்தது. ஒட்டகம்! சத்தியம் போனால் போகட்டும், அல்லாஹ்விடம் நோன்பு வைத்துத் தீர்த்துக்கொள்வோம். இஞ்சி தட்டி டீ போட்டேன். கிளாஸைக் கையில் கொடுத்தேன், கை கொதித்தது.

அப்போதுதான்.

அப்போதுதான் அந்தச் சொல் காதில் சரியாக விழுந்தது. ஒட்டகம். குட்டி போட்ட ஒட்டகம். மெர்ஸ் கிருமி இளம் குட்டியிடம்தான் அதிகம் என்று நானே பத்துப் பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். டீ கிளாஸை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மேசையில் கேட்கிற மாதிரி கேட்டேன். காய்ச்சல்? நாலு நாளாய். மூச்சு? மாடிப்படி ஏற முடியவில்லை. குட்டியைத் தொட்டீர்களா? மூக்கில் முத்தம் கொடுப்பேன் என்றார், வேறெப்படி வளர்ப்பது என்கிற மாதிரி.

ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“யாரும் கேக்கலையே,” என்றார்.

பால்? அவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாவுக்குக் கொண்டுபோனேன் என்றார். ஆசைப்பட்டுக் கேட்டாளாம், நம்ம வம்சத்துப் பால் ஒரு வாய் நாக்கில் பட்டால் போதும் என்று. ஒவ்வொரு டயாலிசிஸுக்கும். பிளாஸ்க்கில்.

அந்த பிளாஸ்க்!

உள்ளறைக்கு ஓடி மாமியை எழுப்பினேன். பாலை நீங்கள் மட்டும்தானே குடித்தீர்கள், மாமி, நீங்கள் மட்டும்தானே? அவர் தூக்கக் கலக்கத்தில் என்னை ஒரு பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“பாலத் தனியா யாராவது குடிப்பாங்களா?”

மூடியில் ஊற்றி, பக்கத்து நாற்காலி, அதற்குப் பக்கத்து நாற்காலி என்று சுற்றில் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வாய். என் பிள்ளை கொண்டுவந்தது என்று பெருமையோடு. அத்தனை பேரும் டயாலிசிஸ்காரர்கள். எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றும் இல்லாதவர்கள்.

சின்ன வீடு இருந்திருக்கக்கூடாதா? யா அல்லாஹ், ஒரு பொம்பளையாவே இருந்திருக்கக்கூடாதா?

டாக்டர் இஹாபுக்குப் போன் செய்தேன். தொற்றுக் கட்டுப்பாட்டுக்குத் தலைவர், எகிப்துக்காரர், எப்போதும் ஜோக் அடிக்கிறவர். இன்று அடிக்கவில்லை. மரிசெல் நேற்றுக் கேட்டதையும் நான் வேண்டாம் என்றதையும் சேர்த்தே சொன்னேன். ஆம்புலன்ஸ் வருகிறது, நீயும் வீட்டைவிட்டு வெளியே வராதே என்றார்.

மார்ச் 3, சனி

முத்லக்குக்கு மெர்ஸ் உறுதி.

மார்ச் 4, ஞாயிறு

ஹாலை மூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறையில் டயாலிசிஸ், எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டுப் பரிசோதனை. மாமியையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். எனக்கு வீட்டுச் சிறை.

மரிசெல் போன் செய்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சாப்பிட்டாயா என்றுதான் கேட்டாள். என்னிடம் அன்பாகப் பேசி ஏதோ வாங்கப் பார்க்கிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. அன்பைக்கூடச் சந்தேகப்படுகிற புத்தி எனக்கு.

மார்ச் 6, செவ்வாய்

எனக்கு இல்லை. மாமிக்கும் இல்லை. எல்லோரையும்விட அதிகம் குடித்தவருக்கு இல்லை.

தர்ஃபா அக்காவுக்கு இருக்கிறது.

பாலிலிருந்து வந்ததா, முத்லக் இருமியதில் வந்ததா என்று டாக்டரைக் கேட்டேன். எதுவானால் என்ன, இரண்டும் அந்த வாசல் வழியாகத்தானே வந்தது என்றார். கோபமில்லாமல் சொன்னார். கோபப்பட்டிருக்கலாம்.

மார்ச் 9, வெள்ளி

முத்லக்குக்கு ஆக்ஸிஜன் கூட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவரை மரிசெல் போட்டோ எடுத்து அனுப்பினாள். முகத்தில் பாதி மாஸ்க். சண்டை போட ஆள் இல்லாத வீட்டில் நடந்துகொண்டே இருக்கிறேன்.

மார்ச் 12, திங்கள்

மாமி போனில் பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. நான் தனியாகக் குடித்துத் தொலைத்திருக்கலாம் ஹிஸ்ஸா, கஞ்சி என்ற கெட்ட பேரோடு போயிருக்கும் என்றார். தூங்குங்க மாமி என்றேன்.

மார்ச் 17, சனி

தர்ஃபா அக்கா இறந்துவிட்டாள்.

மார்ச் 19, திங்கள்

தனிமை முடிந்தது. துக்கம் விசாரிக்கும் நாட்களும் இன்றோடு முடிகின்றன. போகவில்லை. போய் என்னவென்று நிற்பது? விசாரணை அதிகாரிகள் அவள் மகள் ஜவாஹரிடம் எல்லாவற்றையும் கேட்டிருப்பார்கள். பால், பக்கவாசல், நான். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மார்ச் 25, ஞாயிறு

முத்லக் எழுந்து உட்கார்ந்தார். ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று போனில் பேசினேன். முதலில் அம்மாவைக் கேட்டார். பிறகு தர்ஃபா அக்காவைக் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், அன்று லாரி கிளம்பியபோது திரும்பின அதே மாதிரி. ஒட்டகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இந்த ஜென்மத்துக்கும் மன்னித்திருக்க மாட்டேன்.

ஏப்ரல் 8, ஞாயிறு

விசாரணையில் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து மறுபடி மேசைக்கே விட்டிருக்கிறார்கள். பக்கவாசலைப் பூட்டச் சொன்னேன். ஏற்கெனவே பூட்டியிருந்தார்கள்.

ஹாலையும் திறந்துவிட்டார்கள். மாமி இன்று வரிசையில் வந்தார். சக்கர நாற்காலியைத் தள்ளியது ஆஸ்பத்திரி ஆள். முறை வந்ததும் எல்லாக் கேள்வியும் கேட்டேன், எல்லோருக்கும் கேட்கிற குரலில். பால் குடித்தீர்களா என்று கேட்டபோது அவர் என்னையே பார்த்தார். இல்லை என்றார். நம்பினேன். இருந்தாலும் பையைத் திறந்து பார்த்தேன்.

ஏப்ரல் 13, வெள்ளி

ஜவாஹர் வீட்டுக்குப் போய் வந்தோம். மாமிதான் பிடிவாதமாகக் கிளம்பினார், நீ வராவிட்டால் டாக்ஸி பிடித்துத் தனியாகப் போவேன் என்று. வாசலிலேயே திருப்பி அனுப்புவாள் என்று நினைத்துக்கொண்டே போனேன். சலாம் சொல்லி உள்ளே கூப்பிட்டாள். கூப்பிட்டதும் பயம் இன்னும் கூடிவிட்டது. எதற்குக் கூப்பிடுகிறாள்?

அம்மா சாயல்தான், ஆனால் சிரிப்பில்லாத தர்ஃபா அக்கா. வீட்டுக்குப் பின்னால் அவர்கள் பட்டியும் தெரிந்தது. மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“அவர ஒன் மேசையில நிக்க வச்சுக் கேட்டிருந்தா, புடிச்சிருப்பியா?”

எத்தனை பேர் என்னிடம் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது.

“புடிச்சிருப்பேன்,” என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ரொம்ப நேரம் வரவில்லை. கிளம்பிவிடலாம் மாமி என்றேன். இரு என்றார். அடுப்படியில் ஏதோ பாத்திரச் சத்தம். அண்ணன் தம்பிகளுக்குப் போன் செய்கிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

தட்டோடு வந்தாள். வழக்கமாக எல்லோரும் மாற்றி மாற்றிக் குடிக்கிற ஒரே மரக்கிண்ணம் இல்லை. மூன்று சின்னக் கண்ணாடி கிளாஸ்கள், தனித்தனியாக. பால். நுரை இல்லை. மேலே ஆவி பறக்கிறது, ஆடை படிந்திருக்கிறது.

“காய்ச்சிருக்கேன்,” என்றாள்.

விருந்தாளிக்குக் காய்ச்சிய பால். மாமியின் வயதில் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. மாமி கிளாஸை வாங்கி ஆடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு வாய் குடித்தார், அளவு தாண்டாமல், ஒரே ஒரு வாய். நானும் எடுத்துக்கொண்டேன். நாக்கு சுட்டது. ஜவாஹர் மூன்றாவது கிளாஸை எடுத்து எங்களுக்கு எதிரில் உட்கார்ந்து, எங்களோடு சேர்ந்து குடித்தாள்.